உறக்க மாத்திரை கேட்டு வரும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள மகன்களுக்கும் மகள்களுக்கும் மருமக்களுக்கும்,

உங்களில் பலர் என் கடையிலிருந்து கோபத்தோடுதான் போயிருக்கிறீர்கள். "அப்பாவுக்கு ராத்திரி உறக்கமே இல்ல அண்ணாச்சி, உறங்குத மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்பீர்கள். "டாக்டர் சீட்டு இருக்கா?" என்பேன். பைக்கை அணைக்காமலே நிற்கும் உங்கள் முகம் மாறிவிடும். "பத்து மாத்திரைக்குச் சீட்டா? அடுத்த கடையில சும்மா குடுக்கான்லா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்புவீர்கள். சீட்டில்லாமல் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன என்பது எனக்கும் தெரியும். வியாபாரம் போன வருத்தத்தில் இதை எழுதவில்லை. உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கவுண்டரில் வைத்துக் கேட்க உங்களுக்கும் நேரமில்லை, பின்னால் நிற்பவர்களும் விடமாட்டார்கள்.

உங்கள் அப்பா ராத்திரி எதற்காக எழுந்திருக்கிறார்?

படுத்தால் உறக்கம் பிடிக்கவில்லை என்பது ஒரு தொல்லை. பிடித்த உறக்கம் பாதியில் கலைந்துபோவது வேறு தொல்லை. நீங்கள் இரண்டையும் 'உறக்கமில்லை' என்ற ஒரே பேச்சில் போட்டுக் கொண்டுவருகிறீர்கள். கொஞ்சம் கிண்டிக் கேட்டால், அப்பா ஒன்பது மணிக்கே உறங்கிவிடுகிறார், ஒரு மணிக்கு எழுந்தார், இரண்டரைக்கு எழுந்தார், நாலு மணிக்கு எழுந்தவர் பிறகு படுக்கவே இல்லை என்று வரும். அப்படியானால் அவரை ஏதோ ஒன்று எழுப்புகிறது. அது என்னவென்று பார்க்காமல், எழுந்தவரை அமுக்கிப் படுக்கவைக்க என்னிடம் மருந்து கேட்கிறீர்கள். என் மனத்தாங்கல் அதுதான்.

சட்டத்தைக் காட்டித் தப்பிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். சட்டம் இருக்கத்தான் செய்கிறது. அல்பிரசோலம், சோல்பிடெம், டயசிபாம் எல்லாம் 2014 மார்ச் முதல் ஷெட்யூல் எச்1 என்ற பட்டியலில் இருக்கின்றன. அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டிருக்கும். விற்றால் நோயாளி பெயர், எழுதிக் கொடுத்த டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று தனி நோட்டில் பதிந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டமே இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் கேட்பேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். ராத்திரி விழிப்பு வந்தாலே நோய் என்று ஆகாது. உறக்கம் விடிய விடிய ஒரே சீராகப் போவதில்லை. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. இலேசாகத் தொடங்கி, ஆழத்துக்குப் போய், மேலே வந்து, கனவு கண்டு முடியும். ஒரு ராத்திரிக்கு நாலைந்து சுற்று. சுற்று முடிகிற இடத்தில் எல்லோருமே கொஞ்சம் விழிக்கிறோம், புரண்டு படுக்கிறோம், போர்வையை இழுத்துக்கொள்கிறோம். காலையில் அது ஞாபகம் இருப்பதில்லை. ஆழ்ந்த உறக்கத்தில் பெரும்பங்கு முன்னிரவிலேயே முடிந்துவிடும். பின்னிரவில் இலேசான உறக்கமும் கனவும்தான் மிச்சம். அந்த நேரத்தில் கரன்ட் போய் மின்விசிறி நின்றாலும் போதும், தெருநாய் குரைத்தாலும் போதும், கண் திறந்துவிடும். வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் குறைந்துகொண்டே வரும். இருபது வயதில் உங்களுக்குத் தெரியாமலே கடந்துபோகிற விழிப்பு எழுபதில் அவருக்குத் தெரிகிறது.

அடுத்து கணக்கு. எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டு எட்டரைக்குப் படுக்கிற மனிதர் மூன்று மணிக்கு விழித்தால் ஆறரை மணி நேரம் உறங்கியாயிற்று. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம். ஆக எட்டு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஏழிலிருந்து எட்டு மணி நேரம் போதும் என்கிறார்கள். இதற்கு மேல் மாத்திரை எந்த உறக்கத்தைக் கொண்டுவரும்? மத்தியான உறக்கத்தை அரை மணி நேரத்தோடு நிறுத்தி, சாயங்கால வெயிலில் கொஞ்ச தூரம் நடந்து, படுக்கையைப் பத்து மணிக்குத் தள்ளினால் பாதிப் பேருடைய மூன்று மணி தானாக ஐந்து மணியாகும். ஆனால் அவர் ஏன் எட்டரைக்கே படுக்கிறார் என்று என்றாவது யோசித்தீர்களா? டிவி ரிமோட் வேறொருவர் கையில். கூடத்தில் பேரன் படிக்கிறான். பேச ஆள் இல்லை. படுக்கையைத் தவிர அந்த வீட்டில் அவருக்கென்று வேறு இடம் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவிலிருந்து நீங்கள் காலைக் காப்பியோடு கூப்பிடுகிற நேரம் இங்கே ராத்திரி எத்தனை மணி என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு அழைப்புக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய் தகப்பன் இந்த ஊரில் நிறையப் பேர்.

இப்போது மூத்திர விஷயத்துக்கு வருகிறேன். கூச்சப்படாதீர்கள். வயதானவர்கள் ராத்திரி எழுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. "ஒண்ணுக்குப் போக எந்திக்கேன்" என்று அப்பா சொல்ல மாட்டார். "உறக்கம் வரல" என்பார். நீங்களும் அதை அப்படியே என்னிடம் வந்து சொல்வீர்கள்.

மாதம் தவறாமல் என்னிடம் மருந்து வாங்குகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அவருக்குத்தான் மகன் உறக்க மாத்திரை கேட்டு வந்தார். பழைய சீட்டைக் காட்டச் சொன்னேன். கால் வீக்கத்துக்கும் இதயத்துக்குமாக ஃபுரோசமைடு எழுதியிருந்தது, பக்கத்திலேயே 1-0-0 என்று. காலையில் ஒன்று, மதியமும் இரவும் கிடையாது என்பது அதன் பொருள். மறுநாள் வாத்தியாரின் மனைவி வந்தபோது விசாரித்தேன். "காலையில போட மாட்டாவ அண்ணாச்சி. பஸ்ஸுல போணும், பேங்குக்குப் போணும், அங்கன எங்க ஒதுங்குததுக்கு இடம் இருக்கு? ராத்திரி சாப்பிட்டுட்டுத்தான் போடுவாவ" என்றார்கள். நீர் பிரிகிற மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் வரை விடாது. ஒன்பது மணிக்கு விழுங்கினால் மூன்று மணி வரை அந்த மனிதர் எப்படிப் படுத்திருப்பார்? அவர் செய்ததில் நியாயம் இல்லாமலும் இல்லை. வயதானவர் நம்பி நுழையும்படியான கழிப்பிடம் நம் பேருந்து நிலையங்களில் எத்தனை? டாக்டரிடம் அதைச் சொல்லிக் கேட்கச் சொன்னேன். வெளிவேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் பிற்பகலில் போட்டுக்கொள்ள டாக்டர் அனுமதித்தார். இப்போது ராத்திரியில் ஒரு தடவைதான் எழுகிறாராம். உறக்க மாத்திரைப் பேச்சே இல்லை.

இப்படி நேரம் மாறிப்போன மாத்திரைகள் எத்தனை வீட்டில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? காலை டப்பா, இரவு டப்பா என்று பிரித்து வைக்க யாரும் இல்லாத வீட்டில் எல்லாவற்றையும் ஒன்றாக உள்ளங்கையில் கொட்டி ராத்திரிதான் விழுங்குகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்ல காரியம். ஆனால் மாத்திரை வீடு வரைக்கும்தான் வரும். எதை எப்போது வாயில் போடுகிறார் என்று வீட்டில் இருப்பவர்தானே பார்க்க வேண்டும்?

சாயங்காலம் அவர் காலைப் பாருங்கள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து எடுத்தால் குழி விழுகிறதா? பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்தவுடன் ரத்தத்துக்குத் திரும்பி வந்து மூத்திரமாகப் பிரியும். இதயம் தளர்ந்திருந்தாலும் இப்படி வரும். பிரஷருக்கு எல்லோரும் போடுகிற ஆம்லோடிபினாலும் சிலருக்குக் கால் வீங்கும். சர்க்கரை இருக்கிறதென்றால் அதையும் சோதித்துவிடுங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால் மூத்திரத்தில் இறங்கத் தொடங்கும். இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். ஆண்களுக்கு புராஸ்டேட் வீங்கியிருந்தால் ஒரே தடவையில் முழுதாகப் போகாது, சொட்டுச் சொட்டாக வரும், போய் வந்து படுத்ததும் மறுபடி முட்டும். இந்தக் கடைசிக் கூட்டத்தாருக்கு ஒரு எச்சரிக்கை. உறக்க மாத்திரைக்குத்தான் சீட்டு கேட்கிறார்களே என்று, மயக்கம் தருகிற சளி மாத்திரையை ராத்திரிதோறும் போடுகிற வழக்கம் பரவிவருகிறது. குளோர்பெனிரமின் போன்ற அந்தப் பழைய அலர்ஜி மருந்துகள் புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு மூத்திரத்தை அடியோடு கட்டிவிடக்கூடும். நடுராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் டியூப் போட வேண்டி வரும்.

"உறக்கமில்லங்காரு, ஆனா படுத்தா நல்லா குறட்டை விடுதாரு" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறட்டை நன்றாக உறங்குவதன் அடையாளம் என்று எந்தக் காலத்தில் யார் சொல்லிவைத்தார்களோ! உறங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து, நாக்கு பின்னால் சாய்ந்து, மூச்சுப் பாதை அடைபடும். குறட்டை சட்டென்று நிற்கும். பத்து வினாடி, இருபது வினாடி, சிலருக்கு அதற்கு மேலும் சத்தமே இராது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி எழுப்பிவிடும். பெரிதாக ஒரு இழுப்பு, தொண்டையில் ஒரு உறுமல், மறுபடி குறட்டை. மணிக்கு 30 தடவைக்கு மேல் இப்படி நடப்பவர்களைத்தான் டாக்டர்கள் கடும் நிலை என்கிறார்கள். அந்த மனிதருக்கு இது எதுவும் தெரியாது. காலையில் தலை கனக்கும், வாய் உலர்ந்திருக்கும், பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் சொக்கும். மூச்சு அடைபட அடைபட இதயத்தின் அறை விரிந்து ஒரு ஹார்மோன் சுரக்கும். அது சிறுநீரகத்தை முடுக்கிவிடும். மூத்திரத்துக்காக எழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார், எழுப்பியது மூச்சுத்திணறலாக இருக்கும்.

இந்த நோய்க்கு மாத்திரை தேடவே தேடாதீர்கள். உறக்க மாத்திரையில் பல, தொண்டைச் சதையை இன்னும் தளர்த்தும். விழிக்க வேண்டிய மூளையையும் மந்தமாக்கும். டாஸ்மாக் சரக்கும் அப்படித்தான். படுத்தவுடன் அசத்தும், போதை இறங்குகிற பின்னிரவில் உலுக்கி எழுப்பும். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் மூக்குக் கவசம் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை 1981-இல் உலகுக்குச் சொன்னார். சிபாப் என்கிற அந்த மெஷின் இன்று மதுரையிலும் கோவையிலும் கிடைக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்க உறக்கத்தைப் பதிந்து பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி வேண்டும். அதற்கும் முன்னால், யாராவது ஒருவர் அப்பா உறங்குவதை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தன் எட்டு வயது மகனைப் படுக்கவைத்து, கண்ணோரத்தில் கம்பிகளை ஒட்டி, ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்தார். மூடிய இமைக்குள் விழி ஓடுகிற உறக்கம் ஒன்று இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. தன் ஆசிரியர் கிளைட்மனோடு சேர்ந்து 1953-இல் அதை வெளியிட்டார். தகப்பன் மகனுக்குச் செய்ததை மகன் தகப்பனுக்கு ஒரு ராத்திரி செய்ய முடியாதா? கம்பி கிம்பி வேண்டாம். அவர் உறங்கியபின் செல்போனில் இரண்டு நிமிட வீடியோ எடுத்தால் போதும். மூச்சு நிற்கிறதா என்று பாருங்கள். கையைக் காலை உதறிக் கத்துகிறாரா, கனவில் யாரையோ அடிக்கிறாரா என்றும் பாருங்கள். வயதானபின் புதிதாக அப்படித் தொடங்கினால் நரம்பியல் டாக்டரிடம் காட்ட வேண்டும். சிலருக்குப் பார்க்கின்சன் நோய் வருவதற்குப் பல வருடம் முன்னாலேயே அது தலைகாட்டும்.

எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்பதையும் கவனியுங்கள். போன வருடம் ஒன்று, இப்போது மூன்று என்றால் அது சொகுசுக்காக இல்லை. படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சுமுட்டி எழுந்து, ஜன்னலைத் திறந்து, கட்டில் ஓரத்தில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தால் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். காத்திருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமுமாக எழுகிறவர் பாடு இதைவிட எளிது. ராத்திரிச் சாப்பாட்டைப் படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்னால் முடித்துவிட்டு, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தினாலே பலருக்கு அடங்கும். ஆனாலும் நெஞ்செரிச்சல் என்று நினைத்தது இதயவலியாகவும் இருக்கலாம். வியர்த்துக் கொட்டினால், தோளுக்கோ தாடைக்கோ வலி பரவினால் செங்கல் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னொரு வருத்தம் இருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அப்பாவுக்காகத்தான் வருகிறீர்கள். அம்மாவும்தான் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னால் "வயசாச்சுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுகிறீர்கள். மிஞ்சிப்போனால் ஒரு தைலம் வாங்கிப் போகிறீர்கள்.

அந்தத் தைலத்தை எதற்கு வாங்குகிறீர்கள்? "அம்மாவுக்குக் கால் குடைச்சல்." அந்தக் குடைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள். படுத்தவுடன் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கும், காலை ஆட்டினால் கொஞ்சம் விடும், எழுந்து நடந்தால் நின்றுவிடும், மறுபடி படுத்தால் தொடங்கிவிடும் என்று சொன்னால், தைலம் அங்கே ஒன்றும் செய்யாது. உடலில் இரும்புச்சத்து குறைந்தால் இது வரும். ரத்த சோகை இல்லை என்று ஹீமோகுளோபின் ரிப்போர்ட் சொன்னாலும், சேமிப்பில் இருக்கிற இரும்பு வற்றியிருக்கலாம். அதற்கு ஃபெரிட்டின் என்ற பரிசோதனை தனியாகச் செய்ய வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிட்டு, சாப்பிட்ட கையோடு டீயும் குடிக்கிற அம்மாவுக்கு இரும்பு எங்கிருந்து சேரும்? டீ அந்த இரும்பையும் உடம்பில் ஒட்டவிடாது. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதம் எரிவது, மரத்துப்போவது, முள் குத்துவது வேறு ஒன்று, அது நரம்பு. சொல்லுகிற விதத்திலேயே டாக்டர் பிரித்துவிடுவார், ஆனால் யாராவது கேட்டால்தானே அவர்கள் சொல்வார்கள்.

ஐம்பது வயதை ஒட்டிய அம்மாக்கள் மாதவிடாய் நிற்கிற காலத்தில் நடுராத்திரி உடம்பெல்லாம் தீப்பிடித்தாற்போல எழுவார்கள். ரவிக்கை நனைந்துபோகும். மின்விசிறியைக் கூட்டி வைத்தால், குளிருகிறது என்று பக்கத்தில் இருப்பவர் குறைத்துவிடுவார். இது வருடக்கணக்கில்கூட நீடிக்கும். மருத்துவம் இருக்கிறது. மகள்களே, இதையாவது நீங்கள் கேளுங்கள். மகன்கள் கேட்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ போடுகிற அம்மா, சஷ்டி, கிருத்திகை என்று விரதம் இருந்துவிட்டு, ராத்திரி ஒரு டம்ளர் பாலோடு படுத்தால் என்ன ஆகும் தெரியுமா? மாத்திரை விரதம் பார்க்காது. நடுச்சாமத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். வியர்வை, படபடப்பு, கெட்ட கனவு, கைநடுக்கம். எழுந்து ஒரு கை சீனியை வாயில் போட்டுக்கொள்வார்கள், சரியாகும். மறுநாள் "அம்மா ராத்திரி பயந்து பயந்து எந்திக்கா, உறக்க மாத்திரை வேணும்" என்று நீங்கள் வருகிறீர்கள். அந்த விழிப்புதானே அவர்களைக் காப்பாற்றியது? மாத்திரை போட்டு அசந்து கிடந்தால் சீனியை யார் எடுத்து வாயில் போடுவது?

மனசு எழுப்புவதும் உண்டு. வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக, மூன்றரை நாலுக்கே விழிப்பு வந்து, அதற்குப் பிறகு கண் மூடாமல், விடியும் வரை பழசையெல்லாம் நினைத்துக்கொண்டு கிடப்பார்கள். காலையில்தான் மனசு மிகவும் கனக்கும், பொழுது போகப்போகக் கொஞ்சம் தெளியும். சாப்பாட்டில் பிடிப்பு இருக்காது. கோயிலுக்குப் போவதை, பேப்பர் படிப்பதை விட்டிருப்பார்கள். துணையை இழந்த வீட்டில் இதை நான் அடிக்கடி கேட்கிறேன். இது மனச்சோர்வு நோய், குணமாகிற நோய். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அல்பிரசோலம் இந்தச் சோர்வைத் தீர்க்காது, மூடித்தான் வைக்கும்.

இவை எதுவும் இல்லாமல், விழிப்பே பழக்கமாகிப் போனவர்களும் இருக்கிறார்கள். எழுந்தவுடன் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், இரண்டேகால். இன்னும் உறக்கம் வரவில்லையே என்ற பதற்றமே உறக்கத்தைத் துரத்தும். அவர்களுக்குக்கூட மாத்திரை முதல் வழி அல்ல. பேச்சும் பயிற்சியுமாகப் பழக்கத்தை மாற்றுகிற சிகிச்சைதான் முதலில் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் வழிகாட்டியது. அதில் வீட்டிலேயே செய்யக்கூடியவை உண்டு: கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பது, இருபது நிமிடம் போல ஆகியும் உறக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது மட்டும் திரும்பி வருவது, ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுவது. சாயங்காலம் ஆறு மணிக் காப்பியை நிறுத்துவது. ஆறு மணிக்குக் குடித்த காப்பியின் காஃபீன், பதினோரு மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும்.

மாத்திரையே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. தேவையென்று டாக்டர் பார்த்து, இத்தனை நாளைக்கு என்று எழுதித் தந்தால் தாராளமாகத் தருவேன். ஆனால் வயதான உடம்பில் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அல்பிரசோலத்தின் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் 11 மணி நேரம் பிடிக்கும். முதியவர்களுக்கு 16 மணி நேரம்கூட ஆகும். ராத்திரி போட்டது மறுநாள் மத்தியானமும் உள்ளே இருக்கும். முதியவர்களுக்கு எந்த மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்று மார்க் பீர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991-இல் ஒரு பட்டியலைத் தொடங்கிவைத்தார். இன்றைக்கு அதில் இந்த வகை மாத்திரைகள் அத்தனையும் இருக்கின்றன. தடுமாற்றம், குழப்பம், விழுவது, இடுப்பெலும்பு முறிவது என்று காரணங்களும் எழுதியிருக்கிறது. சோல்பிடெம் சாப்பிட்டுவிட்டு உறக்கத்திலேயே நடப்பது, வண்டி ஓட்டுவது நடந்ததால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-இல் மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. உங்கள் வீட்டையே நினைத்துப் பாருங்கள். கழிப்பறை புறவாசலில். நடுவில் உயரமான ஒரு வாசற்படி, நனைந்த சிமென்ட் தரை, எரியாத பல்பு. மாத்திரை போட்டாலும் மூத்திரம் முட்டத்தான் செய்யும். அரை மயக்கத்தில் அந்தப் படியைத் தாண்டப் போகிறவர் உங்கள் அப்பா.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த ஒரு வாரத்துக்குப் பேரனுடைய பழைய நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அப்பாவோ அம்மாவோ எத்தனை மணிக்குப் படுத்தார்கள், எப்போதெல்லாம் எழுந்தார்கள், எழுந்தவுடன் முதலில் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். கழிப்பறைக்குப் போனார்களா, தண்ணீர் குடித்தார்களா, காலைப் பிடித்துவிட்டார்களா, நெஞ்சைத் தடவினார்களா, ஜன்னலைத் திறந்தார்களா, சும்மா உட்கார்ந்திருந்தார்களா? எழுந்தவுடன் அவர்கள் செய்கிற முதல் காரியம் டாக்டருக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். கழிப்பறைக்கு என்றால், எவ்வளவு போகிறது என்று பழைய பிளாஸ்டிக் குவளையில் அளந்து குறிக்கச் சொல்லுங்கள்; கொஞ்சம் கொஞ்சமாக முட்டுவதும் குவளை நிறையப் போவதும் வேறு வேறு நோய். சர்க்கரை உள்ளவர்கள் வியர்த்து எழுந்தால் அந்த நேரத்திலேயே விரலில் குத்திப் பார்த்து எண்ணை எழுதுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் போனில் "உறங்கினீங்களா?" என்று கேட்காதீர்கள், "உறங்கினேன்" என்றுதான் சொல்வார்கள். "ராத்திரி எதுக்கு எந்திச்சீங்க?" என்று கேளுங்கள்.

பிறகு அந்த நோட்டையும், வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும், பழைய சீட்டுகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, அவர்களையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஆயுர்வேத லேகியம், நாட்டு மருந்துப் பொடி, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த வெள்ளை மாத்திரை எதையும் விட்டுவிடாதீர்கள். போகிற வழியில் என் கடையில் நிறுத்துங்கள். எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று சீட்டைப் பார்த்து ஒவ்வோர் அட்டையிலும் பேனாவால் எழுதித் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் உறக்க மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவர் வீட்டிலிருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால் ஒன்று மட்டும் செய்யாதீர்கள். இன்றைக்கே பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கமும் பதற்றமும் வரும், சிலருக்கு வலிப்பே வரும். எத்தனை மாதமாக, எத்தனை மில்லிகிராம் போடுகிறார் என்று டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க அவர் அட்டவணை போட்டுத் தருவார். அது வரைக்கும் புறவாசலில் ஒரு பல்பு மாட்டி, வாசற்படி ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மருந்துக் கடைக்காரன்